பாலக்கோட்டின் 87 சதவீதம்

எங்கள் ஊரின் பெயர் நாளிதழ்களில் பெரும்பாலும் தக்காளி விலையை ஒட்டித்தான் அடிபடும். 2021 சட்டமன்றத் தேர்தல் முடிந்த கையோடு அது வேறொரு காரணத்துக்காகச் செய்தியானது. தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக, 87.33 சதவீத வாக்குகள் எங்கள் தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோடு தொகுதியில் பதிவாகியிருந்தன. நான் வேலை நிமித்தம் குடியிருக்கும் சென்னை வேளச்சேரி அதே நாளில் 56 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. இரண்டு எண்களையும் ஒரே பக்கத்தில் பார்த்த எங்கள் அடுக்ககத்து நண்பர் ஒருவர், "உங்க ஊர்ல காசு குடுத்தா வரிசையில நிக்கிறாங்க. இங்க யாரும் அதுக்கு மயங்கறதில்ல, அதான் கம்மி" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நகரத்தில் படித்தவர்களிடையே ஏறக்குறைய பொதுக்கருத்தாகவே நிலவும் ஒன்றைத்தான் சொன்னார். ஆனாலும் அந்த வாக்கியம் என்னை விட்டுப் போகவில்லை. அதற்கு என்ன பதில் சொல்வது என்பதைப் பல ஆண்டுகளாக மனத்துக்குள் புரட்டிக்கொண்டே இருக்கிறேன்.

பணம் இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. 2009 ஜனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு, வாக்குக்குப் பணம் கொடுப்பதைக் குறிக்கும் "ஃபார்முலா" என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டிய தேவை இல்லை. 2016-இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் பணப் பட்டுவாடாவைக் காரணம் காட்டித் தேர்தல் தள்ளிவைக்கப்பட்டது. 2019-இல் வேலூர் மக்களவைத் தொகுதிக்கும் அதே கதி நேர்ந்தது. 2017 ஏப்ரலில் ரத்தான ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் டிசம்பரில் நடந்தபோது அங்கே வாக்குப்பதிவு 77 சதவீதத்தைத் தாண்டியது. சென்னைக்குள்ளேயே இருக்கும் தொகுதி அது. ஆகவே, பணத்துக்கு மயங்காத நகரம், மயங்கும் கிராமம் என்ற பிரிவினை முதல் கேள்வியிலேயே நிற்பதில்லை. நான் பார்த்த வரையில், பணம் வாங்குகிறவர் இரண்டு பக்கமும் வாங்குகிறார். வாங்காதவரும் வாக்களிக்கப் போகிறார். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பணத்தைக் கொடுக்க வேண்டுமென்றால்கூட, எந்த வீட்டில் எத்தனை ஓட்டு, யார் உயிரோடு இருக்கிறார், யார் வெளியூரில் இருக்கிறார் என்று தெரிந்த ஒரு ஆள் அந்தத் தெருவில் இருக்க வேண்டும். பணத்துக்கு முன்பே அந்த ஆள் அங்கே இருக்கிறார். அவரைப் பற்றித்தான் நான் எழுத விரும்புகிறேன்.

படிப்பைக் காரணமாகச் சொல்பவர்களும் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் தருமபுரிதான்: 68.54 சதவீதம். சென்னையில் அது 90-ஐத் தாண்டியது. 2024 மக்களவைத் தேர்தலில் தருமபுரித் தொகுதியில் 81.20 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். மத்திய சென்னையில் 53.96. படிப்பு ஏற ஏற வாக்களிக்கும் ஆர்வம் குறைகிறது என்று இதிலிருந்து ஒரு விதியை எழுதிவிடலாம் போலத் தோன்றும். 2022 பிப்ரவரியில் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் வேறொரு பக்கம் கைகாட்டுகிறது. மாநகராட்சிகளில் 52.22, நகராட்சிகளில் 68.22, பேரூராட்சிகளில் 74.68 சதவீதம். பேரூராட்சிகளில் ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் கடைக்காரர்களும் பொறியியல் படித்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஊர் சிறுத்தால் சதவீதம் ஏறுகிறது என்பதுதான் அந்த மூன்று எண்களும் சொல்லும் செய்தி.

பெரியப்பாவின் பட்டியல்

என் பெரியப்பா தி.மு.க.காரர். பாலக்கோடு பேரூராட்சியில் ஒரு வாக்குச்சாவடிக்கு நெடுங்காலமாக அவர்தான் கட்சியின் பூத் ஏஜென்ட். பாலக்கோடு சட்டமன்றத் தொகுதியில் 2001 முதல் 2021 வரை ஐந்து தேர்தல்களிலும் அ.தி.மு.க.வின் கே.பி. அன்பழகன்தான் வென்றார். அந்த ஐந்து தேர்தல்களிலும் பெரியப்பா விடியற்காலையில் எழுந்து, மாதிரி வாக்குப்பதிவுக்கு நேரத்தோடு போய், இயந்திரத்தில் ஐம்பது ஓட்டுப் போட்டுச் சரிபார்த்து, முத்திரையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அன்று மாலை வரை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்திருக்கிறார். தோற்கும் பக்கத்தில் நின்று ஒருவர் இவ்வளவு ஆண்டுகள் இதைச் செய்வதை நான் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறேன்.

ஒரு தேர்தலுக்கு முந்தைய இரவு அவருடைய வாக்காளர் பட்டியலைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நூல் போட்டுத் தைத்த, ஓரம் மடங்கிய தாள்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் பென்சிலில் ஒரு குறி இருந்தது. "பெ" என்றால் பெங்களூரு, "தி" என்றால் திருப்பூர். கல்யாணமாகிப் போன பெண்களின் பெயருக்கு நேராக, போன ஊரின் பெயர்: காரிமங்கலம், மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை. இறந்தவர்களின் கட்டத்தின் மேல் குறுக்குக் கோடு. கோட்டின் மேல் தேதி. துக்க வீட்டுக்குப் போய்வந்து குளித்ததும் அவர் செய்யும் முதல் காரியம் அந்தக் கோட்டைப் போடுவதுதான் என்று பெரியம்மா சொன்னார். தம் கட்சிக்காரர்களுக்கு ஒரு வட்டம், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. கடைசி இரவில் முடிவெடுப்பவர்கள் என்று அவர் கருதியவர்களுக்கு ஒரு புள்ளி. புள்ளிகள் நான் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக இருந்தன. பக்க ஓரங்களில் தொலைபேசி எண்கள். எலக்ட்ரானிக் சிட்டியில் காவலாளி வேலை பார்க்கும் அண்ணன் தம்பிக்கு அன்று மாலையே பேசிவிட்டதாகவும், அவர்கள் கடைசி வண்டியில் ஏறிவிடுவார்கள் என்றும் சொன்னார்.

அவருக்கு நேரெதிரே, தெருவின் மறுபக்கம், அ.தி.மு.க. ஏஜென்ட்டின் வீடு. அவரிடமும் இதே போன்ற பட்டியல் உண்டு. வட்டங்கள் மட்டும் இடம் மாறியிருக்கும். வாக்குச்சாவடிக்குள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். யாருடைய பெயரை வாக்குச்சாவடி அலுவலர் உரக்கப் படித்தாலும் இருவர் பென்சிலும் ஒரே நேரத்தில் நகரும். மதியத்துக்கு மேல் வெளியில், இருநூறு மீட்டருக்கு அப்பால் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் பையன்களுக்கு யார் யார் இன்னும் வரவில்லை என்பது தெரிந்துவிடும். அவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டுவார்கள். நடக்க முடியாத பாட்டியை ஆட்டோவில் ஏற்றி வருவார்கள். இரண்டு கட்சியும் தட்டிய பிறகு வீட்டுக்குள் இருப்பது, எங்கள் ஊரில், ஏறக்குறைய முடியாத காரியம். 87 சதவீதம் என்பது இந்தப் பெஞ்சில் உருவாகும் எண். வெல்லும் கட்சியின் ஆளால் மட்டும் அது உருவாவதில்லை. ஐந்து முறை தோற்ற பிறகும் பட்டியலைத் தைத்துக்கொண்டு வருகிற இன்னொரு ஆளும் வேண்டும்.

இதனால்தான் எங்கள் மாவட்டத்தின் அரசியல் சாய்வைப் பற்றி வெளியிலிருந்து எழுதப்படுபவை எனக்கு நிறைவளிப்பதில்லை. சாதி ஒன்றை வைத்தே தருமபுரியை விளக்கிவிடுகிறார்கள். சாதி அங்கே பெரிய விஷயம்தான். 2012 நவம்பரில் நாயக்கன்கொட்டாய் அருகே மூன்று தலித் காலனிகளில் வீடுகள் எரிக்கப்பட்ட மாவட்டம் அது. அந்தத் தீயின் சூடு பின்னால் வந்த தேர்தல்களில் இல்லாமல் போகவில்லை. 2014-இல் பா.ம.க.வின் அன்புமணி அங்கிருந்துதான் மக்களவைக்குப் போனார். ஆனால் 2019-இல் அதே அன்புமணி, அ.தி.மு.க. கூட்டணியிலேயே நின்று, தி.மு.க.வின் செந்தில்குமாரிடம் எழுபதாயிரத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். அந்தத் தேர்தல் நாளன்றே, அந்த மக்களவைத் தொகுதிக்குள் அடங்கிய பாப்பிரெட்டிப்பட்டியிலும் அரூரிலும் சட்டமன்ற இடைத்தேர்தலும் நடந்தது, இரண்டிலும் அ.தி.மு.க. வென்றது. 2021-இல் மாநிலம் தி.மு.க. பக்கம் போனபோது மாவட்டத்தின் ஐந்து தொகுதிகளும் அ.தி.மு.க. அணிக்கே விழுந்தன. 2024-இல் மக்களவை மீண்டும் தி.மு.க.வுக்கு, பா.ம.க.வின் சௌமியா அன்புமணிக்கும் வென்றவருக்கும் இடையே இருபத்தோராயிரத்துச் சொச்சம் வாக்குகள்தான். சாதி ஓட்டு என்ற ஒரே சாவியால் இத்தனை கதவுகளும் திறக்கா. டெல்லிக்கு யார், ஊருக்கு யார் என்று தனித்தனியாக எடை போடும் மக்கள் அங்கே கணிசமாக இருக்கிறார்கள் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

தெரிந்திருப்பதன் விலை

பெரியப்பாவின் பட்டியலை அன்பாக மட்டும் பார்ப்பது நியாயமாகாது. நம்மை அறிந்திருப்பவர் நம்மைக் கண்காணிக்கவும் முடியும். வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணுவதற்கு விதியில் இடமிருந்தது. மின்னணு இயந்திரம் வந்த பிறகு ஒவ்வொரு இயந்திரமும் தன் சாவடியின் கணக்கைத் தனியாகச் சொல்கிறது. படிவம் 20 என்ற முடிவுத் தாளில் அது சாவடி வாரியாக வெளியிடப்படுகிறது. ஒரு சாவடி என்பது ஆயிரம் பேர் சொச்சம். சிறிய ஊரில் அது நான்கைந்து தெருக்கள், அல்லது ஒரு காலனி. பதினான்கு இயந்திரங்களை இணைத்து மொத்தமாக எண்ணும் கருவி ஒன்றைத் தேர்தல் ஆணையம் 2008-இலேயே முன்மொழிந்தது. மத்திய அரசு அதை ஏற்கவில்லை. அதனால் வாக்கு எண்ணிக்கைக்கு மறுநாள் எங்கள் ஊர் டீக்கடையில் எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்பதை விரல்விட்டுச் சொல்கிறார்கள். அடுத்த ஐந்தாண்டில் குழாய் எந்தத் தெருவுக்கு முதலில் வரும் என்பதும் அந்தக் கணக்கிலிருந்தே தொடங்குகிறது. தனி மனிதரின் வாக்கு ரகசியமானது. தெருவின் வாக்கு அப்படி இல்லை. காலனியில் இருப்பவர்களுக்கு இதன் சுமை இன்னும் அதிகம். அவர்கள் வரிசையில் நிற்பதில் உரிமை உணர்வு எவ்வளவு, நிற்காவிட்டால் என்ன ஆகுமோ என்ற கவலை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

உயர்ந்த சதவீதம் எப்போதும் நல்ல செய்தியும் அல்ல. 2019-இல் பாப்பிரெட்டிப்பட்டித் தொகுதியின் எட்டுச் சாவடிகளில், முறைகேட்டுப் புகார்களுக்குப் பிறகு, மே 19 அன்று மறுவாக்குப்பதிவு நடத்த வேண்டியதாயிற்று. எல்லோரையும் அறிந்த ஏஜென்ட்டுகள் இரு பக்கமும் இருக்கும் வரைதான் பெஞ்சு காவலாக நிற்கும். ஒரு பக்கத்து ஆளை அச்சுறுத்தி எழுப்பிவிட்டால், அதே அறிவு வராதவர்களின் பெயரில் வாக்களிக்க உதவும்.

யார் கூப்பிடுவார்கள்?

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது என் பெயர் பாலக்கோட்டில்தான் இருந்தது. வேளச்சேரிக்கு வந்த பிறகும் நான் மாற்றிக்கொள்ளவில்லை. தேர்தலுக்குத் தேர்தல் பேருந்து பிடித்து ஊருக்குப் போய்ப் போட்டுவிட்டு வருவேன். எங்கள் ஊரில் என்னைப் போன்றவர்கள் ஏராளம். கணக்கெடுப்புப் படிவம் அம்மாவின் கையில் கொடுக்கப்பட்ட அன்று மாலையே பெரியப்பா தொலைபேசியில் அழைத்தார். வாக்குச்சாவடி நிலை அலுவலர் தெருவுக்குள் வந்தபோது அவரும் கூடவே நடந்திருக்கிறார். 2002, 2005 ஆண்டுகளின் பழைய பட்டியலில் யாருடைய பெயர் எந்த வரிசையில் இருந்தது என்று அந்த அலுவலருக்கே எடுத்துக் கொடுத்தவர் அவர்தான்.

"உன் ஃபாரம் வந்திருக்குப்பா. இங்கயே வெச்சிருக்கறதா, எடுத்துடறதா?"

வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் பெயர் இருக்க வேண்டும் என்பது சட்டம். நான் எடுத்துவிடச் சொன்னேன். வேளச்சேரியில், பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6 கொடுத்துச் சேர்ந்துகொள்கிறேன், அங்கே தவறாமல் போடுவேன் என்றேன். வருத்தப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கு ஒரு வட்டம் குறைகிறது. அவர் சற்று நேரம் கழித்துக் கேட்டார்: "போடுவேங்கறது இருக்கட்டும். அங்க உன்ன யாரு வந்து கூப்புடுவாங்க?"

என்னிடம் பதில் இல்லை. வேளச்சேரியில் எனக்கு எந்தச் சாவடி, வாக்காளர் பட்டியலின் எந்தப் பாகம், அங்கே எந்தக் கட்சிக்கு யார் முகவர் என்று எதுவும் தெரியாது. அவர்களில் ஒருவருக்கும் நான் இருப்பதே தெரியாது. அரசியலில் எனக்கு ஆர்வம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நாள்தோறும் மூன்று செய்தித்தாள்கள் படிக்கிறேன், தெளிவான சாய்வும் எனக்கு உண்டு. அந்தச் சாய்வு என் தலைக்குள் இருக்கிறது. பாலக்கோட்டில் அது பெரியப்பாவின் பட்டியலில் ஒரு வட்டமாகவும் இருந்தது. என்னைச் சாவடி வரை கொண்டுபோனது எது என்பதைப் பெரியப்பாவின் கேள்வி ஒரு நொடியில் எனக்குக் காட்டிவிட்டது.

டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வெளியானது. மாநிலம் முழுவதும் 97 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன. சென்னை மாவட்டத்தில் மட்டும், ஏறக்குறைய 40 லட்சம் பெயர்களில் 14.25 லட்சம் போய், 25.8 லட்சம் எஞ்சியது. வரைவு என்பது இறுதி அல்ல. தவறாக நீக்கப்பட்டவர்களும், படிவம் கொடுத்துத் திரும்பச் சேர்பவர்களும் உண்டு. அந்தக் கவலைகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனாலும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 40 லட்சம் பேரில் 55 சதவீதம் வாக்களித்தால் 22 லட்சம். அதே 22 லட்சத்தை 25.8 லட்சத்தால் வகுத்தால் 85 சதவீதம் வருகிறது. இது தோராயமான கணக்கு. 85 என்பதே உண்மை என்று நான் வாதிடப் போவதில்லை. ஆனால் சென்னைக்காரர்கள் சோம்பேறிகள், வாக்குப்பதிவு நாளில் சுற்றுலா போகிறவர்கள் என்று ஒவ்வொரு தேர்தலிலும் கேட்கும் வசையின் பெரும்பகுதி, வீடு மாறிப் போனவர்கள் மேலும் இறந்தவர்கள் மேலும் இத்தனை காலம் விழுந்துகொண்டிருந்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது. பாலக்கோட்டின் சதவீதம் உயர்ந்து நிற்பதற்கும் பாதிக் காரணம் இங்கேதான் இருக்கிறது. துக்க வீட்டிலிருந்து திரும்பியதும் கோடு போடும் ஒருவர் அங்கே இருக்கிறார். சென்னையில் வாடகை வீட்டிலிருந்து வாடகை வீட்டுக்கு மாறும் ஒருவரின் பெயரை எடுக்கவும் ஆள் இல்லை, சேர்க்கவும் ஆள் இல்லை.

படிவம் 6 கொடுத்துவிட்டு, எங்கள் பாகத்துக்கு யார் முகவர் என்று விசாரித்துக்கொண்டு போனேன். ஒரு கட்சியின் பாக முகவரைத்தான் சந்திக்க முடிந்தது. தண்ணீர் கேன் போடும் தொழில் செய்பவர். பக்கத்துச் சாவடியையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறார். அவரிடமும் பட்டியல் இருந்தது. தெருவீடுகளின் பக்கங்கள் முழுக்கக் குறிகள், தொலைபேசி எண்கள், குறுக்குக் கோடுகள். பெரியப்பாவுடையதற்குச் சற்றும் குறைந்ததில்லை. அடுக்ககங்களின் பக்கங்களுக்கு வந்ததும் தாள் வெள்ளையாகிவிட்டது. "கேட்டுலயே நிறுத்திடறாங்க சார். கேன் போடறதுன்னா உள்ள விடறாங்க. கட்சிக்காரன்னா விடமாட்டாங்க" என்றார். எங்கள் அடுக்ககத்தின் வாயிலிலும் அப்படி ஒரு விதி இருக்கிறது. அரசியல் கட்சியினருக்கு அனுமதி இல்லை என்று பொதுக்குழுவில் கைதூக்கி நிறைவேற்றிய விதி அது. அரசியல் அழுக்கு, அது வாயிலுக்கு வெளியே இருக்கட்டும் என்பது அதன் பின்னால் இருந்த எண்ணம்.

வாக்களிப்பது அவரவர் கடமை, அதற்கு யாரும் வந்து அழைக்க வேண்டியதில்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கடமையை நினைவூட்ட நகரில் விளம்பரப் பலகைகளுக்கும் நடிகர்களின் காணொளிகளுக்கும் பஞ்சமில்லை. பட்டியலில் இறந்தவரின் பெயரை எடுக்கவும், பதினெட்டு வயதான பெண்ணின் பெயரைச் சேர்க்கவும், மூன்று மணிக்கு மேல் கதவைத் தட்டவும் அவற்றால் முடியாது. அந்த வேலையை ஊதியமில்லாமல் முப்பது ஆண்டுகள் செய்யக்கூடியவர் கட்சிப் பற்றுள்ளவர் மட்டுமே. பற்றை அழுக்கென்று ஒதுக்கிவிட்டு, அந்தப் பற்று செய்யும் வேலையின் பலன் மட்டும் வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. எங்கள் ஊரில் அந்தப் பற்று வரம்பு மீறும் இடங்களையும் மேலே எழுதியிருக்கிறேன். தெரு வாரியான முடிவுகளை மறைக்கும் கருவி வந்தால் அந்த வரம்பு மீறலில் ஒரு பகுதியாவது குறையும். பெரியப்பாக்களை ஒழித்துவிட்டு அதைக் குறைக்க வேண்டிய அவசியமில்லை.

எங்கள் அடுக்ககச் சங்கத்தின் செயலாளருக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன். தேர்தல் ஆணையத்தின் அடையாள அட்டை வைத்திருக்கும் வாக்குச்சாவடி நிலை அலுவலரையும், எல்லாக் கட்சிகளின் பாக முகவர்களையும், பட்டியல் சரிபார்க்கும் காலத்திலாவது வீடு வீடாகப் போக அனுமதிக்க வேண்டும் என்பது கோரிக்கை. நான் ஒருபோதும் வாக்களிக்கப் போகாத கட்சிகளின் பெயர்களையும் அதில் எழுதியிருக்கிறேன். அடுத்த பொதுக்குழுவில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்; எதிர்ப்பு இருக்கும் என்றும் சொன்னார். கூட்டத்துக்குப் பெரும்பாலும் கால்வாசிப் பேர்கூட வருவதில்லை. அதனால் இந்த வாரம் ஒவ்வொரு தளமாகப் போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.